குளிப்பாட்டுற ஆயாவுக்குத் தெரிஞ்சது

முதல்லயே சொல்லிடறேன், இது கோவத்துல எழுதுற பதிவு. சினிமா விமர்சனம் இருக்கும்னு வந்தவங்க அடுத்த வாரம் வாங்க.

போன சனிக்கிழமை கல்மண்டபம் பஸ் ஸ்டாப்புல தெரிஞ்ச பொண்ணு ஒருத்தியைப் பார்த்தேன். தங்கச்சியோட படிச்சவ. இடுப்புல பத்து மாசக் குழந்தை. குழந்தைகிட்ட விரலை நீட்டினேன். இடது கையால மட்டும் பிடிச்சான். வலது கை மூடினது மூடினபடி இருந்துச்சு. "இன்னும் உக்கார மாட்டேன்றாண்ணா, சாய்ஞ்சிடறான். டாக்டர்கிட்ட கேட்டோம். ஒரு வயசு ஆகட்டும், வெயிட் பண்ணிப் பாருங்கம்மான்னு சொல்லிட்டாரு. ஆம்பளப் புள்ளன்னாலே லேட்டுதானே" என்று சிரிச்சா.

அந்த வெயிட் பண்ணிப் பாருங்கம்மா இருக்கே... எங்க வீட்ல அதுக்கு நாங்க கொடுத்த விலை ஒன்றரை வருஷம்.

என் தங்கச்சி பையன் பிறந்தது 2015ல. எட்டு மாசத்துக் குழந்தை. (ஏழுல பிறந்தா தங்கும், எட்டுல பிறந்தா தங்காதுன்னு சொல்லி அழுத கிழவிகளுக்குத் தனிப் பதிவு போடணும்.) கண்ணாடிப் பெட்டியில பதினெட்டு நாள் இருந்துட்டு வீட்டுக்கு வந்தான். எங்க தெருப்பக்கம் பச்சை உடம்புக்காரிக்கும் குழந்தைக்கும் எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்ட ஒரு ஆயா வருவாங்க. காசிமேட்டுல மீன் வித்தவங்க, வயசானதும் இந்த வேலைக்கு வந்துட்டாங்க. மணையில உக்காந்து ரெண்டு காலையும் நீட்டி, குழந்தையைக் கால்ல போட்டு, வெந்நீரை மொண்டு மொண்டு ஊத்துவாங்க. எத்தனை நூறு குழந்தை அந்தக் கால்ல படுத்துச்சோ, அவங்களுக்கே கணக்கு தெரியாது.

குழந்தைக்கு நாலு மாசம் இருக்கும்போது ஒரு நாள் ஆயா எங்க அம்மாகிட்ட சொன்னாங்க. "இன்னாம்மா, இந்தப் புள்ள தொடைய விரிக்கவே மாட்டேன்றான். தண்ணி ஊத்துனா விறைச்சிக்கினு போறான். காலு ரெண்டும் கத்திரிக்கோலு மாறி ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்குது. ஒருக்கா டாக்டராண்ட காட்டு."

அம்மா காட்டினாங்க. டாக்டர் சொன்னார், வெயிட் பண்ணுங்க, குறைமாசக் குழந்தை அப்படித்தான் இருக்கும். ஆறு மாசத்துல மறுபடி போனோம். அதே பதில். எட்டு மாசத்துல தூக்கி நிறுத்தினா முன்னங்கால் விரல்ல விறைப்பா நின்னான். வீட்ல எல்லாருக்கும் ஒரே சந்தோஷம், "பாரு, இப்பவே நிக்குறான்!"னு. நானும்தான் கை தட்டினேன். இன்னைக்கு நினைச்சாலும் வயித்தைப் பிசையுது. அவன் நிக்கவே இல்லைங்க. தசை இறுகிப் போய் மரக்கட்டை மாதிரி கால் நீண்டிருந்துச்சு, அவ்வளவுதான்.

செரிப்ரல் பால்சின்னு முதல் தடவை காதுல விழும்போது அவனுக்கு ஒரு வருஷம் பதினோரு மாசம். தமிழ்ல மூளை முடக்குவாதம். வளர்ற மூளையில ஏதோ ஒரு கட்டத்துல ஏற்பட்ட காயம். காயம் கூடாது, ஆனா உடம்பு வளர வளர அதோட விளைவு மாறிக்கிட்டே போகும். சொன்ன டாக்டரம்மா குழந்தையைப் படுக்க வச்சு, காலைத் தூக்கிப் பார்த்துட்டு, பக்கத்துல இருந்த மாணவிகள்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாங்க. "சிஸரிங்." கத்திரிக்கோல்! ஆயா குளியல் மணையில சொன்ன அதே வார்த்தை. பத்தொன்பது மாசம் கழிச்சு இங்கிலீஷ்ல வந்தப்பதான் எங்களுக்குக் காது கேட்டுச்சு.

எந்தெந்த ஆஸ்பத்திரி, யார் யார்னு எழுதப் போறதில்ல. ஒருத்தர் சட்டையைப் பிடிச்சு ஆகப் போறது ஒண்ணுமில்ல. ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் இதே கதையோட எத்தனையோ வீடு இருக்கு. தெரபிக்குப் போற இடத்துல உக்காந்து பேசிப் பார்த்தா, எல்லா அம்மாவும் சொல்றது ஒண்ணுதான். "எனக்கு நாலு மாசத்துலயே ஒரு மாதிரி தோணுச்சுங்க."

சரி, டாக்டர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் பேசுவோம். இந்த வெயிட் பண்ணுங்கிற பழக்கம் சோம்பேறித்தனத்துல வந்தது இல்ல. வில்லியம் ஜான் லிட்டில்ங்கிற லண்டன் டாக்டர் 1861ல, குறைப்பிரசவத்துக்கும் கஷ்டப் பிரசவத்துக்கும் குழந்தைகளோட விறைப்புக்கும் சம்பந்தம் இருக்குன்னு பேசினார். ரொம்ப நாள் இதுக்கு லிட்டில் வியாதின்னே பேரு. 1897ல சிக்மண்ட் ஃப்ராய்ட் (ஆமாங்க, கனவுக்கு அர்த்தம் சொன்ன அதே ஃப்ராய்ட், முதல்ல அவர் நரம்பு டாக்டர்) மறுத்துப் பேசினார். கஷ்டப் பிரசவமே அதுக்கு முன்னாடி கருவுல நடந்த கோளாறோட அடையாளமா இருக்கலாம்னார். அதுக்கப்புறம் நூறு வருஷம் ஆகியும், கைக்குழந்தையைப் பார்த்து உறுதியா சொல்ல நல்ல கருவி இல்ல. பிறந்த முதல் சில மாசத்துல தெரியுற விறைப்பு சில குழந்தைகளுக்குத் தானா போயிடும். ஒரு தாயைத் தேவையில்லாம அழ வைக்க வேணாம்னு ஒன்றரை, ரெண்டு வயசு வரைக்கும் காத்திருந்தாங்க. அன்னைக்கு அது சரி.

ஆனா அந்தக் காலம் முடிஞ்சு போச்சே சாமி!

2017ல ஜாமா பீடியாட்ரிக்ஸ் இதழ்ல அயோனா நோவாக் தலைமையில பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து எழுதினது இருக்கு. ஆறு மாசத்துக்கு முன்னாடியே மூளை முடக்குவாதத்தைக் கண்டுபிடிக்கலாம், உறுதியா சொல்ல முடியலன்னா "வாய்ப்பு அதிகம்"னு எழுதி உடனே பயிற்சியை ஆரம்பிங்க, ரெண்டு வயசு வரைக்கும் காத்திருக்காதீங்கன்னு சொல்லுது. அம்மாவுக்கு சந்தேகம்னா அதையும் காதுல வாங்கிக்கங்கன்னும் சொல்லுது. குழந்தைகளைத் தப்பவிடாமப் பிடிக்கிற திறன் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு 86ல இருந்து 89 சதவீதம். ஹாமர்ஸ்மித் பரிசோதனைன்னு 26 விஷயங்களைக் கையால தொட்டு, தூக்கி, திருப்பிப் பார்த்து 78க்கு மார்க் போடுற முறைக்கு 90 சதவீதம். இது எல்லாத்தையும் விட மேல நிக்குறது ஒண்ணு இருக்கு, 98 சதவீதம். அதுக்கு மெஷின் வேணாம், ஊசி வேணாம், மருந்து வேணாம். குழந்தையைச் சும்மா பார்க்கணும், அவ்வளவுதான்.

நான் ஒண்ணும் டாக்டர் இல்ல, துறைமுகத்துல கன்டெய்னர் கணக்கு எழுதுறவன். எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். மூணுல இருந்து அஞ்சு மாசத்துக்குள்ள இருக்கிற குழந்தையை முழிச்சிருக்கும்போது மல்லாக்கப் போட்டு, பொம்மை காட்டாம, கொஞ்சாம விட்டுட்டா அது சும்மா இருக்காது. கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால்னு எல்லா இடத்துலயும் சின்னச் சின்னதா, எல்லாப் பக்கமும், விடாம ஒரு அசைவு ஓடிக்கிட்டே இருக்கும். ஃபிட்ஜெட்டி மூவ்மென்ட்ஸ்னு பேரு வச்சிருக்காங்க. நம்ம ஊர்ல துறுதுறுன்னு சொல்றோமே, அதேதான். ஹைன்ஸ் பிரெக்டல்ங்கிற டாக்டரும் கூட்டாளிகளும் 1997ல லான்செட்ல ஒரு ஆய்வு போட்டாங்க, மொத்தம் 130 குழந்தைகள். துறுதுறுப்பு ஒழுங்கா இருந்த 70 பேர்ல 67 பேரு நல்லா வளர்ந்தாங்க. அது இல்லாத அல்லது கோணலா இருந்த 60 பேர்ல 57 பேருக்கு நரம்புப் பிரச்சனை வந்துச்சு. அது வந்து கால் நூற்றாண்டு தாண்டியாச்சு. பயிற்சி எடுத்தவங்க இதைப் பார்க்க மூணு நிமிஷம், அஞ்சு நிமிஷ வீடியோ போதும். ஆள் பக்கத்துல இருக்கணும்னு கூட இல்ல. ஆஸ்திரேலியாவுல பெத்தவங்களே போன்ல எடுத்து அனுப்புறாங்க, நிபுணர் அவர் இடத்துல உக்காந்து பார்க்கிறாரு.

இப்ப என் கேள்வி.

தமிழ்நாட்டுல குழந்தைக்கு ஊசி எப்பப்போ போடுறோம்? பிறந்ததும், ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினாலாவது வாரம், அப்புறம் ஒன்பதாவது மாசம். பதினாலாவது வாரம்னா மூணு மாசம் தாண்டியாச்சு. துறுதுறுப்பு தெரியுற அந்த சன்னலுக்குள்ள சரியா வந்து நிக்குது! யாரையும் தேடி அலைய வேணாம், புதுசா முகாம் போட வேணாம். கர்ப்பம்னு தெரிஞ்சதுல இருந்து பிக்மி நம்பர் கொடுத்து அம்மாவையும் குழந்தையையும் விடாம கணக்கு வச்சிருக்கிற அரசாங்கம் நம்மளது. புதன்கிழமை ஆச்சுன்னா ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல அம்மாக்கள் வரிசையா குழந்தையோட உக்காந்திருப்பாங்க. ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருக்கவும் சொல்றாங்க. அந்த இடத்துல குழந்தையோட தொடையை மட்டும் பார்க்கிறோம். முழுக் குழந்தையை யார் பார்க்கிறா?

ஊசி போடுறதுக்கு முன்னாடி (அப்புறம்னா அழுதுக்கிட்டு இருக்கும், வீடியோ தேறாது) ஒரு பாயை விரிச்சு மூணு நிமிஷம் போன்ல எடுத்தா என்ன? வடசென்னை முழுக்க எடுத்த வீடியோவைப் பார்க்க ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில பயிற்சி எடுத்த ரெண்டு பேர் போதாதா? ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி அந்தக் கல்லூரியோட சேர்ந்ததுதான். (எங்க பையன் பிறந்தது அங்க இல்ல, யாரும் கோத்து விட வேணாம்.) அங்க பிறக்கிற குறைமாசக் குழந்தைகள்ல இருந்து ஆரம்பிச்சாலே போதும். ஒண்ணு மட்டும் கவனிக்கணும். குறைமாசக் குழந்தைக்கு வயசை, பிறந்திருக்க வேண்டிய தேதியில இருந்துதான் கணக்குப் போடணும். ரெண்டு மாசம் முன்னாடி பிறந்ததை பதினாலாவது வாரத்துல பார்த்தா துறுதுறுப்பு வந்திருக்காது. ரெண்டு மாசம் கழிச்சு இன்னொரு தடவை கூப்பிடணும். ஒன்பதாவது மாச ஊசிக்கு வரும்போது, தானா உக்காருதா, ரெண்டு கையையும் ஒரே மாதிரி நீட்டுதான்னு பார்த்துட்டா அங்க தப்பினதுல பாதியை இங்க பிடிச்சிடலாம்.

"அதுக்குத்தான் 2013ல இருந்து ஆர்.பி.எஸ்.கே. திட்டம் இருக்கே, வேன்ல டாக்டர் வந்து பார்க்கிறாங்களே"ன்னு கேப்பீங்க. இருக்கு, நல்ல திட்டம். பிறவிக் கோளாறுல இருந்து வளர்ச்சித் தாமதம் வரைக்கும் 30 பிரச்சனைகளைத் தேடுறாங்க, மாவட்டத்துக்கு ஒரு ஆரம்ப நிலை இடையீட்டு மையம்னும் அதுல இருக்கு. ஆனா பால்வாடிக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை வர்ற வேன் அது. பால்வாடியில போய் உக்காந்திருக்கிறது ரெண்டு வயசு தாண்டின பிள்ளைங்க. நாலு மாசக் குழந்தை அந்த நேரம் வீட்ல தூளியில தூங்கும். வேன் வர்ற நாளும் குழந்தையோட மூணு மாச சன்னலும் ஒத்துப் போகணும்னா லாட்டரி அடிக்கணும்.

நம்மால முடியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க, எனக்குக் கெட்ட கோவம் வரும். போலியோவுக்கு என்ன பண்ணினோம்? 1995ல பல்ஸ் போலியோ ஆரம்பிச்சு வீடு வீடா, ரயில் ரயிலா ஏறி சொட்டு மருந்து கொடுத்தோம். அது மட்டுமில்ல. 15 வயசுக்கு உள்பட்ட எந்தக் குழந்தைக்கு திடீர்னு கை கால் தொய்ஞ்சு போனாலும் உடனே தகவல் சொல்லணும், 14 நாளுக்குள்ள 24 மணி நேர இடைவெளியில ரெண்டு தடவை மலம் எடுத்து லேபுக்கு அனுப்பணும்னு நாடு பூரா ஒரு வலையே விரிச்சு வச்சிருந்தோம். மலத்தைக் குளிர்பெட்டியில வச்சு அனுப்பின தேசம் சார் இது! 2014 மார்ச்ல போலியோ இல்லாத நாடுன்னு சான்றிதழும் வாங்கினோம். தொய்ஞ்ச காலை அப்படித் தேடினவங்க, விறைச்ச காலை ஏன் தேடல? ஆயிரம் குழந்தைக்கு ரெண்டு, மூணு பேருக்கு இருக்குங்க இது. இது அடுத்த வீட்டுக்குத் தொத்தாது, அதனால யாருக்கும் அவசரம் இல்ல.

தடுக்கலாமே, ஏன் கண்டுபிடிச்சுக்கிட்டு இருக்கணும்னு ஒரு நண்பர் கேட்டார். தடுக்க முடிஞ்சதைத் தடுக்கணும்தான். மஞ்சக்காமாலை வந்த பச்சைக் குழந்தையை நீல விளக்குல வைக்காம, காலை வெயில்ல காட்டிக்கிட்டே இருந்து மூளையில ஏற விடுறது இன்னும் நடக்குது. (ஆயாவும் அதைச் சொன்னவங்கதான். மூக்குல ஊதி சளி எடுக்கிறது, விளக்கெண்ணெய் புகட்டுறதுன்னு எல்லாம் உண்டு. அவங்க கை சொன்னதை நம்பியிருக்கணும், கை வைத்தியத்தை இல்ல.) ஆனா எல்லாத்தையும் தடுக்க முடியாது. பிறக்கும்போது மூச்சுத் திணறின குழந்தையோட உடம்பைக் குளிர வச்சு மூளையைக் காப்பாத்துற சிகிச்சை பணக்கார நாடுகள்ல பலன் கொடுத்துச்சு. அதையே சென்னை உட்பட இந்தியா, இலங்கை, வங்கதேசத்துல 408 குழந்தைகள்கிட்ட பார்த்து 2021ல முடிவு வந்தப்போ, இங்க பலன் இல்ல, சாவு கூடுதல்னு தெரிஞ்சுது. அதனால கண்டுபிடிக்கிற வேலையைத் தள்ளிப் போட நமக்கு வசதியே இல்ல.

அடுத்து, கண்டுபிடிச்சா மட்டும் குணமாயிடுமான்னு ஒரு கேள்வி. ஆகாது, பொய் சொல்ல மாட்டேன். குணமாக்கிடறேன்னு காசு புடுங்குற கூட்டம் தனியா இருக்கு, எங்க மாப்பிள்ளை அவங்ககிட்ட ஒரு மோதிரத்தை விட்டார். ஆனா சின்னக் குழந்தையோட மூளை வேகமா வழி போட்டுக்கிட்டு இருக்கிற முதல் ரெண்டு வருஷத்துல, அந்தக் குழந்தை தானே கையை நீட்டி, புரண்டு, எட்டிப் பிடிச்சுப் பழக வாய்ப்பு கொடுக்கிறதுக்கும் சும்மா தூளியில போட்டு வைக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கு. பயன்படுத்தாத கையை மூளை மறக்கும். விறைச்ச தசை தொடையெலும்பை மெல்ல மெல்ல இடுப்புக் குழியில இருந்து வெளிய இழுக்கும். ஒரு வயசுல இருந்து எக்ஸ்ரே எடுத்துக் கவனிச்சா அதை முன்கூட்டியே பிடிக்கலாம். கண்ணும் காதும் பாதிச்சிருக்கான்னு பார்க்கலாம். பால் புரையேறாம எப்படிப் புகட்டுறதுன்னு தாய்க்குச் சொல்லித் தரலாம். எங்க பையனுக்கு இடுப்பு ரெண்டரை வயசுல பாதி வெளிய வந்திருந்துச்சு. ஆபரேஷன் ஆச்சு. அவன் அந்த மாவுக்கட்டோட ஆறு வாரம் படுத்திருந்ததை எழுத எனக்குத் தெம்பில்ல.

தெரபி எங்க கிடைக்கும்? இங்கதான் வடசென்னைக்காரனுக்கு ரத்தம் கொதிக்கும். 1985ல பூனம் நடராஜன் ஆரம்பிச்ச வித்யா சாகர், கோட்டூர்புரத்துல. ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் தமிழ்நாடு, தரமணியில. மத்திய அரசோட பல்வகை மாற்றுத்திறனாளிகள் நிறுவனம், முட்டுக்காட்டுல. எல்லாம் நல்ல இடம், குறையே சொல்ல மாட்டேன். ஆனா மேப்பை விரிச்சுப் பாருங்க, எல்லாமே கூவத்துக்கு அந்தாண்ட. துறைமுகமும் அனல் மின் நிலையமும் உரக் கம்பெனியும் எங்களுக்கு, தெரபி அவங்களுக்கா? விறைச்ச குழந்தையைத் தோள்ல போட்டு ரெண்டு பஸ் மாறிப் போய் முக்கால் மணி நேரப் பயிற்சி முடிச்சுத் திரும்பினா தங்கச்சிக்கு அன்னைக்குப் பொழுது போச்சு. கூலி வேலைக்குப் போற அம்மா எத்தனை நாள் போவா? மூணாவது மாசம் நின்னுடுவா. நாம "அலட்சியமான பெற்றோர்"னு எழுதிடுவோம்.

தென்காசி பக்கம் ஆய்க்குடியில அமர் சேவா சங்கம் இருக்கு, 1981ல ராமகிருஷ்ணன் ஆரம்பிச்சது. அங்க பயிற்சி கொடுத்த உள்ளூர்ப் பெண்களை கிராமத்து வீடுகளுக்கே அனுப்பி, போன்ல ஒரு செயலி வச்சு நிபுணரோட இணைச்சு, சின்னக் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறாங்க. வயக்காட்டைத் தாண்டிப் போய் செய்ய முடியுது. காசிமேட்டுல, கொருக்குப்பேட்டையில, திருவொற்றியூர்ல ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் நூறு அடி, இங்க முடியாதா?

என் மருமகனுக்கு இப்ப பத்து வயசு தாண்டிடுச்சு. வாக்கர் வச்சு நடக்கிறான், கணக்குல புலி, வாய் ராயபுரம் வாய். ஆயா போய்ச் சேர்ந்துட்டாங்க. அவங்ககிட்ட மன்னிப்பு கேட்கணும்னு எங்க அம்மா கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க, கேக்கல.

கல்மண்டபத்துல பார்த்த பொண்ணுகிட்ட அன்னைக்கே எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஒரு வயசு ஆகிறதுக்கு முன்னாடி குழந்தை ஒரே கையை நீட்டினா அது இடதுகைப் பழக்கம் இல்ல, இன்னொரு கையைப் பார்க்கணும்னு. ஒன்பது மாசத்துல உக்காரலன்னா காத்திருக்கக் கூடாதுன்னு. பேசப் பேச முகம் மாறிடுச்சு, பஸ் வந்ததும் ஏறிட்டா. மறுநாள் அவ மாமியார் போன் பண்ணி, என் பேரனுக்கு வாய் வச்சிட்டியா, உன் வீட்ல இருக்கிறது எல்லார் வீட்லயும் இருக்கணுமான்னு கிழி கிழின்னு கிழிச்சாங்க. கேட்டுக்கிட்டேன். பயமுறுத்திட்டேனோ, நான் சொன்னது தப்பா இருந்தா என்ன பண்றதுன்னு ரெண்டு நாள் தூக்கம் இல்ல.

நேத்து ராத்திரி பத்தரைக்கு அந்தப் பொண்ணே கூப்பிட்டா. பாத்ரூம்ல இருந்து பேசுறா போல, குரல் அவ்வளவு சின்னதா இருந்துச்சு. "அண்ணா, எந்த ஓ.பி.ல காட்டணும், காலைல எத்தனை மணிக்கு சீட்டு கொடுப்பாங்க?"

தங்கச்சி கூடப் போயிருக்கா. இதை எழுதுற இந்த நிமிஷம் ரெண்டு பேரும் வரிசையில நின்னுக்கிட்டு இருக்காங்க.